ஜீப் ஏன் அடிக்கடி படுத்துக்கொள்கிறது?



சென்ற மடலில் மலைக் கிராமப் பணியைப் பற்றி எழுதியபோது, திங்கட்கிழமை காலையில் ஜீப் கிளம்ப மறுத்ததால் இரண்டு ஊர்களில் கிளினிக் நடத்த முடியாமற்போனது என்று ஒரே ஒரு வரி குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு இத்தனை பேர் கடிதம் எழுதுவீர்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஏறக்குறைய எல்லாரும் சொன்னது ஒன்றுதான். "புது பேட்டரி வாங்கிப் போடுங்கள், செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்." உங்கள் அன்புக்கு நன்றி. ஆனாலும் அந்தப் பணத்தைப் பேட்டரிக்கென்று அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். காரணத்தை விளக்குவதற்காகவே இதை எழுதுகிறோம். நடுவில் கொஞ்சம் வயரிங் சமாசாரம் வரும், பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் பழைய ஜீப், வேன், டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இது நேரடியாகவே பயன்படும்.

எங்கள் ஜீப் 1990களில் தயாரான டீசல் வண்டி, ஃபோர் வீல் டிரைவ் உள்ளது. வேறோர் இடத்தில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு எங்களிடம் வந்தது. அதோடு ஒரு கோப்பும் வந்தது. அதைப் புரட்டினால், கடைசி நான்கு ஆண்டுகளில் மூன்று பேட்டரி மாற்றியிருக்கிறார்கள், செல்ஃப் மோட்டாரை இரண்டு முறை கழற்றிப் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. நல்ல முறையில் சார்ஜ் ஆகிவரும் பேட்டரி சாதாரணமாக மூன்று நான்கு ஆண்டு உழைக்கும். ஒரே வண்டியில் அடுத்தடுத்து மூன்று பேட்டரி செத்துப்போகிறது என்றால், குற்றம் பேட்டரியில் இல்லை. நான்காவதாகப் போடுவதும் அதே வழியில்தான் போகும்.

"இப்போதுதான் 108 வண்டி இருக்கிறதே, ஜீப் எதற்கு?" என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய 108 சேவையால் மலையடிவார மக்களுக்குப் பெரிய நன்மை உண்டாயிற்று. ஆனால் தார் ரோடு முடிந்த பிறகும் ஊர்கள் இருக்கின்றன. கல்வராயன் மலையிலோ ஜவ்வாது மலையிலோ வேலை செய்திருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓடையைத் தாண்டி, பாறையேறி, அந்த வீட்டு வாசலிலிருந்து தார் ரோடு வரைக்கும் நோயாளியைக் கொண்டுவர நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். அது கேட்ட நேரத்தில் கிளம்பவும் வேண்டும்.

கடந்த ஐப்பசி மழையில் மேலூர்க் குடியிருப்பு ஒன்றில் பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு நிற்காத ஒரு தாயை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது ஜீப் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்லைட்டோ பளிச்சென்று எரிகிறது. ஊரார் பத்துப் பேர் சேர்ந்து சரிவு வரைக்கும் தள்ளிவிட்டார்கள். அந்தத் தாய் பிழைத்துக்கொண்டார், குழந்தையும் சுகமாயிருக்கிறது. அன்று முதல் எங்கள் டிரைவர் அண்ணன் மலைமேல் எஞ்சினை நிறுத்துவதே இல்லை. சிஸ்டர்கள் தடுப்பூசி போட்டு முடிக்கும் வரைக்கும் வண்டி உறுமிக்கொண்டே நிற்கும். இப்படிச் சும்மா ஓடினாலே மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் டீசல் போகும், அது உங்கள் காணிக்கை. பேட்டரி செத்தாலும் பழைய டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும், ஏனென்றால் அதற்கு ஸ்பார்க் தேவையில்லை. ஆகவேதான் இந்தக் குறையை ஆண்டுக்கணக்காகச் சமாளித்துக்கொண்டு ஓட்ட முடிந்திருக்கிறது.

வந்து வந்து போகிற நோய்க்கு மருத்துவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? எப்போது வருகிறது, எதற்குப் பின் வருகிறது என்று கேட்டு எழுதுவார்கள். ஜீப்புக்கும் அதையே செய்தோம். டேஷ்போர்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டு, வண்டி படுத்த ஒவ்வொரு தடவையும் கிழமை, நேரம், மழையா வெயிலா, எஞ்சின் சூடா குளிரா, அதற்கு முன் வண்டி எங்கே நின்றது என்று டிரைவர் அண்ணனை எழுதச் சொன்னோம். இரண்டு மாதம் எழுதினார். மெக்கானிக் கடைக்குப் போகுமுன் எவரும் செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. எல்லாச் சோதனையிலும் இதுவே மேலானது என்பது எங்கள் எண்ணம்.

நோட்டைப் பார்த்தபோது ஒரு நோய் அல்ல, மூன்று நோய்கள் ஒன்றாகக் கலந்திருப்பது தெரிந்தது. திங்கட்கிழமை காலையில் படுத்தது ஒரு வகை. ஞாயிறு முழுவதும் வண்டி அசையாமல் நின்ற பிறகுதான் அது வருகிறது, விளக்கும் மங்கலாகவே எரிகிறது. நீண்ட ஏற்றம் ஏறி எஞ்சின் சூடாயிருக்கையில், நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது வருவது இன்னொரு வகை. அப்போது விளக்கு நன்றாக எரியும், செல்ஃப் மட்டும் இழுக்காது. மழையிலும் ஓடை தாண்டிய பிறகும் பின்விளக்குகள் செய்யும் கோளாறு மூன்றாவது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் "இந்த வண்டியில் கரண்டு சரியில்லை" என்றுதான் சொல்லத் தோன்றும். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றையும் தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

சூட்டில் வரும் நோயை முதலில் சொல்கிறோம். அந்தத் தாயின் உயிரோடு விளையாடியது அதுதான்.

வீட்டு வயரிங்கில் விளக்குக்கு இரண்டு கம்பி போகும். வண்டியில் பெரும்பாலும் ஒரே கம்பிதான். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து கம்பி வழியாகப் போகிற மின்சாரம், வண்டியின் இரும்புச் சட்டம் வழியாகவே மைனஸ் முனைக்குத் திரும்பி வருகிறது. இதைத்தான் எர்த் என்கிறோம். எஞ்சினோ ரப்பர் மவுண்டிங்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. ஆகவே எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கு ஒரு செம்புப் பின்னல் பட்டை, சேஸிஸிலிருந்து பேட்டரிக்கு ஒரு தடித்த கேபிள் என்று இரண்டு இணைப்பு இருக்கும். செல்ஃப் மோட்டார் இழுக்கும் அத்தனை மின்சாரமும் இந்த இரண்டின் வழியாகத்தான் திரும்ப வேண்டும். வயரிங்கில் கோளாறு என்றால் எல்லாரும் சிவப்புக் கம்பியைத் தேடுவார்கள். திரும்பி வரும் பாதையை யாரும் பார்ப்பதில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஓர் இணைப்பில் துரு ஏறி, நூறில் ஒரு பங்கு ஓம் அளவுக்குத் தடை உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அந்தத் தடையில் அது இழப்பது ஒரு வோல்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே விளக்கு பளிச்சென்று எரியும். டீசல் எஞ்சினைச் சுற்றுகிற செல்ஃப் மோட்டாரோ 200 ஆம்பியர் இழுக்கக்கூடியது. அதே தடையில் இப்போது 2 வோல்ட் போய்விடும். ஏற்கெனவே பாரத்தில் பத்து பதினொன்றாக இறங்கியிருக்கும் பேட்டரியில் இன்னும் இரண்டு குறைந்தால் செல்ஃப் எப்படிச் சுற்றும்? போன அந்த 2 வோல்ட் வீணாகச் சூடாக மாறுகிறது. நான்கு நூறு வாட் குண்டு பல்பின் சூடு முழுவதும் ஒரு போல்ட்டின் தலையில்! அந்தச் சூட்டில் துரு இன்னும் ஏறுகிறது. "லைட் நன்றாக எரிகிறது, ஆகவே பேட்டரியும் எர்த்தும் சரி, செல்ஃப் மோட்டார்தான் போச்சு" என்ற தீர்ப்பு இந்த வண்டிக்கு இரண்டு தடவை வழங்கப்பட்டு, இரண்டு தடவை மோட்டார் கழற்றப்பட்டது இப்படித்தான்.

பழைய போர்க்கால ஜீப்புகளில் இது இன்னும் மோசம். 1941 முதல் தயாரான வில்லிஸ் ஜீப் 6 வோல்ட் வண்டி. அதே வேலைக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் வேண்டும், ஆகவே துருப்பிடித்த ஒவ்வோர் இணைப்பும் இரண்டு மடங்கு வோல்ட்டைத் தின்னும்.

இத்தனை சிறிய தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவையில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மீட்டரின் சொந்தக் கம்பிகளிலேயே அதைவிட அதிகத் தடை இருக்கும். டெஸ்ட் லாம்ப்பும் ஏமாற்றும், ஏனென்றால் அது இழுப்பது சொற்பம். பாரம் ஏறும்போது எத்தனை வோல்ட் தொலைகிறது என்று அளப்பதே சரியான வழி. மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்தின்மேல் அழுத்த வேண்டும். கிளாம்ப்பின்மேல் அல்ல, அந்த ஈயக் கம்பத்தின்மேலேயே. சிவப்பு முனையை எஞ்சினில் சுரண்டிய வெறும் உலோகத்தில் வைக்க வேண்டும். டீசல் ஸ்டாப் நாபை ஒருவர் இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் போட்டால் எஞ்சின் சுற்றும், பற்றிக்கொள்ளாது. பத்து வினாடிக்குமேல் சுற்ற வேண்டாம். அப்போது மீட்டர் 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குமேல் காட்டக்கூடாது.

எங்கள் ஜீப்பில், ஏற்றம் ஏறி வந்த சூட்டிலேயே வைத்துப் பார்த்தபோது 2.1 வோல்ட் காட்டியது. அதே நேரத்தில் பேட்டரியின் இரண்டு கம்பங்களுக்கு நடுவே 10.9 இருந்தது. பேட்டரி தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது, சரக்குதான் போய்ச் சேரவில்லை. படிப்படியாக அளந்ததில், பேட்டரிக்கும் சேஸிஸுக்கும் நடுவே 1.3, சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே 0.8 என்று பங்கு பிரிந்தது. முதல் இடத்தில் போல்ட்டைக் கழற்றினால், லக்குக்கு அடியில் அழகான பச்சைப் பெயின்ட். எங்களுக்குக் கொடுக்குமுன் வண்டிக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார்கள். பட்டறைக்காரர் எர்த் இடத்தையும் விட்டுவைக்காமல் அடித்து, அதன்மேலேயே லக்கை முடுக்கிவிட்டார். போல்ட்டின் மரையில் ஒட்டியிருந்த கொஞ்சம் இரும்பு வழியாகவே வண்டி இத்தனை நாள் ஓடியிருக்கிறது. பெயின்ட் அடித்த பின் கரண்டு கோளாறு கிளம்புகிற பழைய வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இரண்டாவது இடத்தில், செம்புப் பின்னல் முக்கால்வாசி அறுந்து பச்சை பூத்திருந்தது. இந்தப் பட்டை முழுவதும் அறுந்தால் மின்சாரம் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் போடும்போது அந்த மெல்லிய கேபிள் சுட்டால் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம்.

பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் இரண்டு புதுத் துண்டு வெட்டி, லக் அழுத்திப் போட்டு, மேலே வாசலின் தடவினோம். இப்போது மீட்டர் 0.15 காட்டுகிறது.

திங்கட்கிழமை நோய்க்கு வேறு தேடல். பூட்டி நிற்கிற வண்டியில் பேட்டரியை யாரோ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மைனஸ் கேபிளைக் கழற்றி, அதற்கும் கம்பத்துக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவையில் இணைத்தோம். (இப்படி இணைத்திருக்கும்போது தவறியும் செல்ஃப் போடக்கூடாது, மீட்டர் போய்விடும்.) எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய வண்டியில் எல்லாவற்றையும் அணைத்த பின் மீட்டர் ஏறக்குறைய சுழியில் நிற்க வேண்டும். எங்களுக்கு 0.6 ஆம்பியர் காட்டியது. சனி இரவு எட்டு மணியிலிருந்து திங்கள் காலை எட்டு மணி வரை 36 மணி நேரம். பெருக்கிப் பாருங்கள், சுமார் 22 ஆம்பியர் மணி. எங்கள் பேட்டரி 80 ஆம்பியர் மணி, அதில் கால் பாகத்துக்குமேல் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கசிந்துவிடுகிறது.

எங்கே என்று பார்க்க ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கடைசி ஃபியூஸையும் எடுத்த பின்னும் மீட்டர் இறங்கவில்லை. அப்படியானால் ஃபியூஸ் வழியாகப் போகாத பாதையில்தான் கசிவு. பழைய ஜீப்பில் அப்படிப்பட்ட தடித்த பாதை ஆல்டர்னேட்டருடையது. அதன் பெரிய கம்பியைக் கழற்றியதும் மீட்டர் சுழிக்கு இறங்கியது. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடுகள் மின்சாரத்தை ஒரு வழியாக மட்டும் விட வேண்டிய கதவுகள். அவற்றில் ஒன்று கெட்டுப்போனால் பகலில் சார்ஜும் குறையும், இரவில் பேட்டரி பின்வழியாகக் கசியும். பேட்டரி ஒருபோதும் நிறையாமலே அரைகுறையாகக் கிடந்து தகடுகளில் உப்பு இறுகிச் சாகும். மூன்று பேட்டரிகள் அப்படித்தான் செத்திருக்க வேண்டும். டையோடு பிளேட் மட்டும் மாற்றினோம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13 வோல்ட்டுக்குக் கீழே காட்டிக்கொண்டிருந்த மீட்டர் இப்போது 14.1 காட்டுகிறது. 13.8 முதல் 14.4 வரை இருந்தால் நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போதே பேட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்த்து "டைனமோ வேலை செய்கிறது" என்று சொல்வது பழைய டிரைவர்களின் வழக்கம். டைனமோ காலத்தில் அது எப்படியோ நடந்துவந்தது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் திடீரென எகிறி டையோடுகளைப் பொசுக்கிவிடும். பேட்டரியில் வேலை செய்யும்போது எர்த் முனையை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது, சார்ஜ் ஏறும் பேட்டரி வெளியிடும் வாயு வெடிக்கக்கூடியது. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவலாம். அந்தத் தண்ணீர் செல்லுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழைக்கால நோய் எளியது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். சேறு அடித்து அடித்துப் பின்விளக்கின் எர்த் துருப்பிடித்துவிட்டதால், திரும்ப வழியில்லாத மின்சாரம் பக்கத்துப் பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக ஒரு கறுப்புக் கம்பி இழுத்து சேஸிஸில் ஒரே போல்ட்டில் கட்டியதும் தீர்ந்தது.

இவற்றைத் தேடும்போது நோட்டில் இல்லாத ஒன்றும் அகப்பட்டது. எங்களை உண்மையில் பயமுறுத்தியது அதுதான். முன்பு யாரோ பின்பக்கம் ஒரு மின்விசிறிக்காகப் பேட்டரியிலிருந்து நேரடியாக ஒரு வயர் இழுத்திருக்கிறார்கள். விசிறியை எடுத்துவிட்டார்கள், வயரை எடுக்கவில்லை. அது எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகட்டில் ரப்பர் வளையம் இல்லாத வெறும் ஓட்டை வழியாக நுழைந்து, இருக்கைக்குக் கீழே, ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிவைக்கும் இடத்தை ஒட்டிப் போகிறது. கரடுமுரடான பாதையில் சட்டம் முறுக்கும்போதெல்லாம் தகட்டின் விளிம்பில் உராய்ந்து, மேலுறை செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. நடுவில் ஃபியூஸ் கிடையாது. அந்தச் செம்பு தகட்டில் தொட்டிருந்தால் வயர் முழுவதும் பழுத்துச் சிவந்திருக்கும். ஆக்சிஜன் கசியும் இடத்தில் சிறு பொறிகூடப் பெரும் தீயாகும் என்பது உங்களில் மருத்துவமனையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஃபியூஸ் பெட்டியிலும் இரண்டு இடத்தில் ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட்டு, தேவையான இணைப்புகளைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்துப் புதிதாகப் போட்டிருக்கிறோம். பழைய ஜீப் வாங்குகிறவர்கள் பெயின்ட்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

வயர்களின் நிறத்தை நம்பலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். பழைய லேண்ட் ரோவர் போன்ற பிரிட்டிஷ் வண்டிகளில் பழுப்பு நேரடிப் பேட்டரி, வெள்ளை இக்னிஷன், நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த் என்று ஒழுங்கு உண்டு. முப்பது ஆண்டு பல பட்டறைகளில் ஒட்டுப்போட்ட வண்டியில் நிறம் வெறும் அலங்காரம்தான். மீட்டரை மட்டும் நம்புங்கள்.

இந்த வேலைகள் முடிந்து ஒன்பது வாரங்கள் ஆகின்றன. ஒன்பது திங்கட்கிழமையும் ஜீப் சாவிக்குக் கிளம்பியது, அதே பழைய பேட்டரியோடு. ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்ததில் ஆறு செல்லும் 1.240க்கும் 1.250க்கும் நடுவே சமமாக நிற்கின்றன. டிரைவர் அண்ணன் மலைமேல் எஞ்சினை நிறுத்த ஆரம்பித்திருக்கிறார், ஆனால் வண்டியை இன்னும் சரிவைப் பார்த்துத்தான் நிறுத்துகிறார். நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை.

பேட்டரிக்கென்று கொடுக்க நினைத்தவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். கடன் வாங்கிய கருவிகளாலேயே இந்த வேலை நடந்தது. கேபிள் லக் அழுத்தும் கருவி ஒன்று, நல்ல மல்டிமீட்டர் ஒன்று, ரிலே வைத்த ஹெட்லைட் வயரிங் ஒரு செட் தேவைப்படுகின்றன. இவற்றோடு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஜீப்பை ஒரு நாள் முழுவதும் நிறுத்தி எல்லா இணைப்பையும் அளந்து பார்க்க விரும்புகிறோம். அந்த ஒரு நாளுக்குத் தங்கள் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை டிரைவரோடு தரக்கூடியவர்கள் அருகில் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். பணமாக அனுப்புகிறவர்கள் 'வாகனப் பராமரிப்பு' என்று குறிப்பிட்டு அனுப்பவும்.